மட்டக்களப்பில் இருந்துகொண்டு புரோகிராமிங் புத்தகம் வாங்குவது: காசு கட்ட முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் இருப்பவர் கடைக்குப் போவார், நாலு புத்தகத்தை எடுத்துப் புரட்டுவார், பிடித்ததை வாங்கிக்கொண்டு வருவார். மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே புத்தகக் கடை என்றால் பாடசாலைப் புத்தகம், கடந்தகால வினாத்தாள், கொப்பி, பேனை. புரோகிராமிங் புத்தகம் ஒன்றிரண்டு தட்டில் இருந்தாலும் பெரும்பாலும் அது எப்போதோ வந்து விலைபோகாமல் நிற்பது. அதனால் நாங்கள் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் காசு அனுப்புகிறோம். அட்டைப் படத்தையும் விற்பவரின் பேச்சையும் நம்பித்தான் வாங்குகிறோம்.

இதில் நிறைய அலைந்த பிறகு எழுதுகிறேன். வந்தாறுமூலை, ஒலுவில், சம்மாந்துறைக் கம்பஸ்களில் முதலாம் வருடம் சேர்ந்தவர்கள், உயர் தேசிய டிப்ளோமா தொடங்கியவர்கள், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பீஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) செய்பவர்கள், வீட்டில் இருந்தே தானாகப் படிப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இந்தப் படிப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. உயர்தரத்தில் தமிழில் படித்துவிட்டு வருபவருக்கு முதல் புத்தகம் சரியாக அமையாவிட்டால் பாடமே வெறுத்துப் போகும். பிழையான புத்தகத்தால் காசு போவதைவிட அதுதான் பெரிய நட்டம்.

1. படிக்கிற புத்தகமா, உசாத்துணையா என்று முதலில் பிரியுங்கள்

முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் படித்துப் பயிற்சி செய்வது ஒரு வகை. வேலை செய்யும்போது சந்தேகம் வந்தால் மட்டும் திறந்து பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் உசாத்துணை. எங்கள் ஆட்கள் பலர் புதிதாகப் படிக்கத் தொடங்கும்போது ஆயிரம் பக்கத்துக்கு மேலே போகும் 'முழுமையான கையேடு' ஒன்றை வாங்குகிறார்கள், பெரிய புத்தகத்தில் எல்லாம் இருக்கும் என்ற நம்பிக்கையில். எல்லாம் இருக்கும்தான், ஆனால் எதை முதலில் படிக்க வேண்டும், எதை இப்போதைக்கு விடலாம் என்று அது சொல்லாது. மூன்றாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிடுவார்கள்.

புதியவர் என்றால் 300 முதல் 550 பக்கத்துக்குள், ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சி உள்ள புத்தகம் போதும். பைதன் என்றால் 'பைதன் கிராஷ் கோர்ஸ்' இந்த அளவில் வருகிறது. மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது, அதைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகையும் இருக்கிறது: மொழி தெரிந்தவருக்கு நன்றாக எழுதுவது எப்படி என்று சொல்பவை. ஜோஷுவா புளொக் எழுதிய 'எஃபெக்டிவ் ஜாவா' அப்படிப்பட்டது. அருமையான புத்தகம், ஆனால் ஜாவாவில் ஒரு வருடமாவது எழுதிப் பழகாதவருக்கு அதில் பாதி விளங்காது. சீனியர் நல்லது என்று சொன்னார் என்பதற்காக முதல் வருடத்தில் வாங்க வேண்டாம். அவருக்கு நல்லதாக இருந்தது அவர் நிற்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது.

2. எது கெதியில் பழசாகும், எது நிற்கும் என்று பாருங்கள்

இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் பாதிக் காசு மிஞ்சும். தரவுக் கட்டமைப்பு, அல்கோரிதம், இயக்க முறைமை, வலையமைப்பின் அடிப்படை, தரவுத்தளத்தில் தேடப் பாவிக்கும் எஸ்கியூஎல், சி மொழி, இவை ஆறுதலாக மாறுபவை. அன்ரொய்ட் அப் எழுதுவது, வெப் பிரேம்வேர்க்குகள், கிளவுட் சேவைகள், இவை நீங்கள் புத்தகத்துக்குக் காசு கட்டி அது பார்சலில் வந்து சேர்வதற்குள்ளேயே ஒரு படி நகர்ந்துவிடும். முதல் கூட்டத்தைத் தாளில் வாங்குங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு அச்சுப் புத்தகம் வாங்கவே வேண்டாம், அதிகாரபூர்வ இணைய ஆவணத்தைப் படியுங்கள்.

அல்கோரிதத்துக்குப் பல கம்பஸ்களில் சொல்லும் 'இன்ட்ரொடக்ஷன் டு அல்கோரிதம்ஸ்' முதலில் வந்தது 1990இல். நான்காம் பதிப்பு 2022இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2009. முதல், இரண்டாம் வருடத்துக்கு மூன்றாம் பதிப்பு தாராளமாகப் போதும், பழைய புத்தகமாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988இல் வந்தது. அதற்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை, இன்றைக்கும் வாங்கலாம், 300 பக்கம்கூட வராது. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்: அதில் மெயின் பங்ஷனுக்கு முன்னால் இன்ட் (int) போடாமல் எழுதியிருப்பார்கள். சி கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் ஜிசிசி கொம்பைலரின் 2024இல் வந்த 14ஆம் வெர்ஷனில் அது எச்சரிக்கையோடு நிற்காமல் பிழையாகவே வரும். இன்ட் என்று சேர்த்து எழுதுங்கள், அவ்வளவுதான். இது தெரியாமல் முதல் நாளே புத்தகம் பிழை என்று மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கம் பாருங்கள். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நின்றுவிட்டது. பிஎச்பியில் மைஎஸ்கியூஎல் இணைக்கும் பழைய பங்ஷன்களை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் தூக்கியே விட்டார்கள், அந்தப் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் ஒரு வரியும் ஓடாது. வெப் பக்கம் கட்டப் பாவிக்கும் ரியாக்டில் ஹூக்ஸ் என்ற புதிய எழுதும் முறை வந்தது 2019 பெப்ரவரியில். அதற்கு முந்திய ரியாக்ட் புத்தகத்தில் கிளாஸ் எழுதும் முறைதான் இருக்கும், இப்போது வேலை இடங்களில் பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை. ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய ஆங்குலருக்கான ஆதரவு 2021 முடிவோடு போய்விட்டது. அதன் புத்தகம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஜாவா வாங்குபவருக்குத் தனியாக ஒரு சொல். 2017க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வெர்ஷன் வருகிறது, ஆனால் எல்லாவற்றையும் துரத்தத் தேவையில்லை. நீண்டகால ஆதரவு உள்ளவை 8, 11, 17, 21, 25. உங்கள் பாடத்திட்டம் எதைச் சொல்கிறதோ அதற்குக் கிட்டிய புத்தகம் போதும், 8க்கு முந்தியது மட்டும் வேண்டாம். பங்ஷனைப் பெயர் வைக்காமல் சுருக்கமாக எழுதும் லம்டா 8இல்தான் வந்தது, அது இல்லாத ஜாவாப் புத்தகம் இன்றைக்கு உதவாது.

3. காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுங்கள்

எழுதியவர்களே இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் நல்ல புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. பைதனுக்கு 'திங்க் பைதன்' (மூன்றாம் பதிப்பு, 2024), ஜாவாஸ்கிரிப்டுக்கு 'எலொக்குவன்ட் ஜாவாஸ்கிரிப்ட்' (நான்காம் பதிப்பு, 2024), கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டுக்கு 'புரோ கிட்' (இரண்டாம் பதிப்பு, 2014), இயக்க முறைமைக்கு 'ஒப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்'. இந்த நாலையும் ஆசிரியர்களின் தளங்களிலோ அதிகாரபூர்வத் தளங்களிலோ படிக்கலாம், திருட்டுத் தளம் எதற்கும் போகத் தேவையில்லை. கிட் 2014க்குப் பிறகு கொஞ்சம் மாறியிருந்தாலும் அடிப்படை அப்படியே இருப்பதால் அந்தப் புத்தகம் இன்னும் செல்லும்.

டேட்டா செலவு ஒரு பிரச்சினை என்பது தெரியும். பைதனின் அதிகாரபூர்வ ஆவணங்களை மொத்தமாக இறக்கி வைக்கலாம். 'சீல்' (Zeal) என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சி++, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி என்று வேண்டிய மொழிகளின் ஆவணங்களை ஒருமுறை இறக்கிவிட்டு இணைப்பே இல்லாமல் தேடலாம். இரவு டேட்டா இருக்கிற பக்கேஜ் என்றால் இரவில் இறக்குங்கள், கம்பஸ் வைபை கிடைத்தால் இன்னும் நல்லது. மாரியில் கரண்டும் இணைப்பும் மாறி மாறிப் போகும் நாட்களில் லப்டொப்பில் உள்ள இந்த ஆவணங்கள் எவ்வளவு கைகொடுக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தமிழிலும் இருக்கிறது. கணியம் அறக்கட்டளை 'எளிய தமிழில்' என்ற பெயரில் மைஎஸ்கியூஎல், எச்டிஎம்எல், லினக்ஸ் பற்றியெல்லாம் இலவச மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறது. தமிழில் ஒருமுறை விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போவது நல்ல வழி. இந்தியக் கலைச்சொற்கள் எங்கள் உயர்தரப் புத்தகத்தில் உள்ளவற்றோடு எப்போதும் ஒத்துவராது, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆங்கிலச் சொல்லை ஓரத்தில் எழுதிக்கொண்டால் போதும். தேசிய கல்வி நிறுவகத்தின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப வளநூலையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், முதல் தவணையில் அது உதவும்.

4. நூலகத்துக்கு எண்ணோடு போங்கள்

பொது நூலகத்துக்குப் போய் "கொம்பியூட்டர் புத்தகம் எங்கே?" என்று கேட்டால் எம்எஸ் வேர்ட் தட்டைத்தான் காட்டுவார்கள். நூலகத்தில் புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்கப் பாவிக்கும் தூவி தசாம்ச எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள். கணினி சார்ந்தவை 004 முதல் 006 வரை. புரோகிராமிங் 005.1, மொழிகள் 005.133, இயக்க முறைமை 005.43, தரவுக் கட்டமைப்பு 005.73, தரவுத்தளம் 005.74, வலையமைப்பு 004.6. கம்பஸ் நூலகத்திலும் பெரும்பாலும் இதே எண்கள்தான்.

பொது நூலகத்தில் அங்கத்தவராகப் பொதுவாகக் கேட்பவை: நிரப்பிய படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, அந்தச் சபை எல்லைக்குள் வரி கட்டும் ஒருவரின் பிணைக் கையொப்பம். இந்தக் கடைசியில்தான் வெளியூரில் இருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரரிடமோ தெரிந்த ஆசிரியரிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வேறு கம்பஸின் நூலகத்தில் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் நிறுவனத்தின் கடிதம் ஒன்றும் மாணவர் அட்டையும் கொண்டு போங்கள். வீட்டுக்கு எடுக்க விடமாட்டார்கள், இருந்து பார்க்க விடுவார்கள். எங்களுக்குத் தேவையும் அதுதான், ஏனென்றால் வாங்க நினைக்கும் புத்தகத்தை ஒரு மணித்தியாலம் புரட்டிப் பார்த்தாலே போதும்.

5. தொடாமலே புத்தகத்தைச் சோதிக்கும் முறை

இதுதான் முக்கியம், ஆறுதலாகப் படியுங்கள்.

முதலில் பதிப்பு எது, மறுஅச்சு எது என்று பிரித்தறியுங்கள். "2023 புத்தகம், லேட்டஸ்ட்தான் தம்பி" என்று விற்பவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, உள்ளே உண்மையாகவே 'மறுஅச்சு 2023' என்று போட்டிருக்கும். ஆனால் அந்தப் பதிப்பு 2009ஆக இருக்கலாம். மறுஅச்சு என்றால் அதே பக்கங்களைத் திரும்ப அச்சடித்தது, உள்ளடக்கம் ஒரு வரியும் புதிதாகாது. அதனால் அட்டைப் படம் போதாது, உரிமை விபரம் உள்ள பக்கத்தின் படத்தைக் கேளுங்கள், தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும். அங்கே பதிப்பு, உரிமை ஆண்டு, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் மூன்றும் இருக்கும். ஐஎஸ்பிஎன் 10 இலக்கம் மட்டும் என்றால் அது 2007க்கு முந்தியது, அப்பதான் 13 இலக்கத்துக்கு மாறினார்கள். 978க்குப் பிறகு 81 அல்லது 93 வந்தால் இந்திய வெளியீடு.

வட்ஸ்அப்பில் இப்படியே அனுப்பலாம்: "வணக்கம், இந்தப் புத்தகத்தின் உரிமைப் பக்கம், பின்மட்டை, பின்னால் உள்ள சொல்லடைவின் ஏதாவது ஒரு பக்கம், இந்த மூன்றின் படமும் அனுப்ப முடியுமா? கூரியருடன் மொத்த விலையையும் எழுதி அனுப்புங்கள்." ஒழுங்கான கடைக்காரர் அனுப்புவார். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

அடுத்தது சொல்லடைவு. உசாத்துணை நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கிழமை நீங்கள் எழுதும்போது மாட்டிக்கொண்ட மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு: பைலைத் திறக்கும்போது தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருவது, ஒரு லிஸ்டைப் பிரதி எடுத்தால் மூலமும் சேர்ந்து மாறுவது, எக்ஸெப்ஷனைப் பிடித்த பிறகும் புரோகிராம் நின்றுவிடுவது. வெளியீட்டாளரின் தளத்திலோ கூகிள் புக்ஸிலோ மாதிரிப் பக்கங்கள் இருக்கும், பல புத்தகங்களுக்குச் சொல்லடைவும் அதில் வரும். உங்கள் மூன்று சிக்கலுக்குரிய சொற்களும் அங்கே இருக்கின்றனவா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் அந்தப் புத்தகம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் இப்போது உங்களுக்கு உதவாது. சொல்லடைவே இல்லாத 700 பக்கப் புத்தகங்களும் விற்பனைக்கு வருகின்றன, அவற்றை உசாத்துணையாக வாங்கவே கூடாது.

மூன்றாவது, மாதிரி அத்தியாயத்தில் ஒரு புரோகிராமை எடுத்து நீங்களே தட்டி ஓட்டிப் பாருங்கள். படிக்கும்போது எல்லாம் விளங்குவது போலத்தான் இருக்கும், தட்டும்போதுதான் தெரியும். புத்தகத்துக்குரிய கோட், கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்தால் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றியிருக்கிறார்கள், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்பது அங்கே தெரியும். வெளியீட்டாளரின் பிழைதிருத்தப் பட்டியலையும் பாருங்கள். பிழைதிருத்தம் இருப்பது கூடாத அடையாளம் இல்லை, ஆட்கள் வாசித்திருக்கிறார்கள், ஆசிரியர் கவனிக்கிறார் என்பதன் சாட்சி அது.

பழைய சரக்கைக் கண்டுபிடிக்கச் சில குறிகள் உண்டு. சி புத்தகத்தில் டர்போ சியின் நீலத் திரை, கொனியோ ஹெடர் (conio.h), கெட்ச் (getch), வொய்ட் மெயின் (void main) என்று வந்தால் வைத்துவிடுங்கள். கெட்ஸ் (gets) பங்ஷனைக் கவலையில்லாமல் பாவிக்கும் புத்தகமும் அப்படித்தான், பாதுகாப்பில்லாதது என்று சி11 தரத்தில் அதை நீக்கிவிட்டார்கள். பைதன் புத்தகத்தில் பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் பைதன் 2. ஜாவாப் புத்தகத்தில் அப்லெட்டுக்கு (பிரவுசருக்குள் ஓடும் சிறு புரோகிராம்) தனி அத்தியாயம் இருந்தால் காலம் போனது. ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம் முழுக்க வார் (var) என்றே எழுதி லெட் (let), கொன்ஸ்ட் (const) இரண்டும் இல்லையென்றால் 2015க்கு முந்திய மொழி அது.

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. ஒன்லைன் கடைகளில் வெளியீட்டாளர் பெயரே இல்லாமல், ஒரே ஆசிரியர் பெயரில் பைதன், சமையல், பங்குச் சந்தை என்று எல்லாத் தலைப்பிலும் புத்தகம் வருகிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரப்பிய பக்கங்கள்தான் இவற்றில் பல. ஆசிரியரின் பெயரைத் தேடுங்கள். ஓர் உரையோ, ஒரு கிட்ஹப் பக்கமோ, வேலை செய்த இடமோ, எதுவும் கிடைக்காவிட்டால் விலகிவிடுங்கள்.

6. விலையும் வாங்கும் இடமும்

வெளிநாட்டுப் பதிப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 50 டொலர் புத்தகத்துக்கு அனுப்பும் கூலி 20 டொலர் என்று வைத்தால், டொலர் 300 ரூபாவாக இருக்கும்போது 21,000 ரூபா வருகிறது, வங்கி அட்டைக் கட்டணமும் சுங்கத்தில் ஏதும் விழுந்தால் அதுவும் தனி. மாணவருக்கு இது சரிவராது. உலகம் முழுக்க அனுப்பும் கூலி இல்லாமல் கொடுத்த புக் டிப்போசிட்டரி என்ற இணையக் கடையும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது, பழைய வீடியோக்களில் அதைச் சொல்வதைக் கேட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்களுக்கு ஏற்றது இந்திய மலிவுப் பதிப்பு. பிஎச்ஐ, பியர்சன் இந்தியா போன்றவர்கள் அமெரிக்கப் புத்தகங்களை இந்தியாவிலேயே அச்சிடுகிறார்கள். ஓரைலி என்ற அமெரிக்க வெளியீட்டாளரின் புத்தகங்களை அங்கே ஷ்ரொஃப் வெளியிடுகிறார்கள். இவற்றில் பலவற்றின் அட்டையிலேயே இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் மட்டும் விற்பனைக்கு என்று போட்டிருக்கும், அதனால் நாங்கள் வாங்குவது முற்றிலும் முறையானது. தாள் கொஞ்சம் மெல்லியது, நிறப்படம் கறுப்பு வெள்ளையாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். தலைப்பில் 'தழுவல்' என்று இருந்தால் மட்டும் பொருளடக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில அத்தியாயங்களோ பயிற்சிகளோ மாறியிருக்கலாம்.

பின்மட்டையில் இந்திய ரூபா விலை இருக்கும். இந்திய ரூபா ஒன்று எங்கள் காசில் 3.50 அளவில் நின்றால், 600 என்று போட்ட புத்தகம் 2,100. கடைக்காரர் கொண்டுவரும் கூலி, தன் இலாபம் எல்லாம் சேர்த்துத்தான் விற்பார், அது நியாயம். ஆனால் இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தால் மூன்று மடங்கு சொல்பவரிடம் இருந்து தப்பலாம்.

கொழும்பில் பெரிய கடைகளான சரசவி, விஜித யாப்பா, குணசேன மூன்றுக்கும் ஒன்லைன் விற்பனை உண்டு, முதலில் அங்கே தேடுங்கள். கையிருப்பில் இருந்தால் ஒரு கிழமைக்குள் வீட்டுக்கு வரும். இல்லாமல் இந்தியாவில் இருந்து எடுத்துத் தருகிறேன் என்றால் ஒன்றரை, இரண்டு மாதம் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். செமஸ்டர் தொடங்கும் கிழமையில் ஓடர் போட்டுவிட்டுப் பரீட்சைக் கிழமையில் புத்தகம் கைக்கு வருவது இப்படித்தான். பாடத்திட்டம் கைக்கு வந்த அன்றே தேடத் தொடங்குங்கள்.

வருடத்தில் ஒருமுறை செப்டெம்பர் மாதம் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். கழிவு விலையும் கிடைக்கும், கையில் எடுத்துப் புரட்டவும் முடியும். இரவு பஸ்ஸில் ஒருவர் போய் நாலைந்து பேருக்கும் சேர்த்து வாங்கி வந்தால் பஸ் காசு கட்டுப்படியாகும். போகிறவரிடம் புத்தகப் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், ஆசிரியர், பதிப்பு, ஐஎஸ்பிஎன் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அதே பயணத்தில் மருதானைப் பக்கப் பழைய புத்தகக் கடைகளையும் பார்க்கலாம். அல்கோரிதம், இயக்க முறைமை, கணிதம் மூன்றுக்கும் அங்கே நல்ல சரக்கு கிடைக்கும். மொழிப் புத்தகம் என்றால் மேலே சொன்ன குறிகளைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

பேஸ்புக்கில் விற்பவரிடம் வாங்குவதென்றால் பொருள் கையில் வந்த பிறகு காசு என்ற முறையைக் கேளுங்கள். முன்பணம்தான் வேண்டும் என்றால் வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், கடை ஒரு பெயரிலும் கணக்கு வேறு பெயரிலும் இருந்தால் காரணம் கேளுங்கள். காசு போட்ட பற்றுச்சீட்டு, விலையைச் சொன்ன மெசேஜ், கூரியர் இலக்கம் மூன்றையும் புத்தகம் கையில் வரும்வரை அழிக்காதீர்கள்.

போட்டோகொப்பி பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முழுப் புத்தகத்தையும் கொப்பி அடித்து பைண்ட் பண்ணி விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது. அதோடு இலாபமும் பெரிதாக இல்லை: பக்கத்துக்கு 10 ரூபா என்று வைத்தால் 500 பக்கத்துக்கு 5,000, இந்தியப் பதிப்பே சிலவேளை அதைவிடக் குறைவாக வரும். கொப்பியில் உள்பக்க ஓரம் கறுத்துப்போய் வரியின் முதல் எழுத்துகள் மறைந்துவிடும். பைதனில் வரி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் அர்த்தமே இருக்கிறது, அது தெரியாத பக்கத்தை வைத்து என்ன செய்வது? தாளில் படிக்க ஆசை என்றால் 'திங்க் பைதன்', 'புரோ கிட்', 'எலொக்குவன்ட் ஜாவாஸ்கிரிப்ட்' மூன்றும் வியாபாரம் இல்லாத பாவனைக்கு அனுமதி கொடுத்து வெளிவந்தவை, வேண்டிய அத்தியாயங்களை உங்களுக்காக அச்சடித்துக்கொள்ளலாம்.

7. பார்சலைத் திறக்கும்போது

கூரியர்காரர் நிற்கும்போதே உறை கிழிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். திறக்கும்போது போனில் வீடியோ எடுங்கள், பிறகு முறைப்பாடு சொல்ல அதைவிட நல்ல சான்று இல்லை. அதே நாளில் பக்க எண்களை ஓடிப் பாருங்கள். 16 அல்லது 32 பக்கம் ஒரு கட்டாக விடுபடுவதும் ஒரே கட்டு இரண்டு தரம் வருவதும் அச்சில் நடக்கக்கூடியது. முழுதாகப் பார்த்து முடியும்வரை உங்கள் பெயரை எழுதாதீர்கள், எழுதிய புத்தகத்தை மாற்றித் தரமாட்டார்கள்.

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை எங்கள் பக்கம் மழை. வெள்ளம் வந்தால் பார்சல் எங்கே தேங்கி நிற்கும் என்று சொல்ல முடியாது, அந்த மாதங்களில் தேவைப்படும் புத்தகத்தைச் செப்டெம்பரிலேயே எடுத்துவிடுங்கள். வீட்டில் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம், ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மேல்தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள்.

8. முதல் வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

என்னைக் கேட்டால் முதல் வருடத்தில் அச்சில் இரண்டு புத்தகத்துக்கு மேலே வேண்டாம். நீங்கள் படிக்கும் மொழிக்கு ஒன்று, அல்கோரிதத்துக்கோ தரவுத்தளத்துக்கோ ஒன்று. மற்றதெல்லாம் இலவச மின்னூலும் நூலகமும் பார்த்துக்கொள்ளும். டொலரில் ஒரு கட்டாக விற்கும் இருபது மின்னூல்கள் மலிவுதான், ஆனால் அவற்றில் நீங்கள் திறக்கப்போவது ஒன்றோ இரண்டோ. அந்த இரண்டுக்கும் அந்த விலை சரியா என்று கணக்குப் பாருங்கள்.

ஒரு வகுப்பில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே புத்தகத்தை வாங்காமல் ஆளுக்கொன்றாக வாங்கி மாற்றிப் படியுங்கள். யாரிடம் எது, எந்தப் பதிப்பு, எப்போது திருப்பித் தர வேண்டும் என்று ஒரு கூகிள் சீட்டில் எழுதி வைத்தால் சண்டை வராது. வருடம் முடிந்ததும் தேவையில்லாததை அடுத்த வருடப் பிள்ளைகளுக்குப் பாதி விலைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எந்த அத்தியாயம் பழசு, எந்தப் பக்கத்துக் கோட் ஓடவில்லை, அதை எப்படித் திருத்தினீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். அந்தக் குறிப்போடு வரும் பழைய புத்தகம் கடையில் வாங்கும் புதியதைவிட அவர்களுக்குக் கூட உதவும்.